எண்ணூர்ச் சேற்றுக்கு ஒரு 16எஸ் வரிசைப்படுத்தல் சேவை

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் (வரிசைப்படுத்தும்) கருவியைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வசதியில்லாத ஆய்வகங்கள், வண்டலைக் குளிர்பெட்டியில் அனுப்பினால் டிஎன்ஏவைப் பிரித்து, பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவைப் பெருக்கி, வரிசைப்படுத்தி, அறிக்கையோடு திருப்பித் தரும் தனியார் சேவைகளையே நாட வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்றுக்கு எண்ணூர்க் கழிமுக வண்டலை அனுப்பிப் பெற்றதைப் பற்றியது இம்மதிப்புரை.

அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாகச் சேர்ந்த இடம் அது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. மேற்பரப்பின் மெல்லிய பழுப்பு அடுக்கை விலக்கினால், இரும்பு சல்பைடால் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும் சேறு தெரியும். இத்தகைய சேற்றிலுள்ள மட்கு அமிலங்கள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டே வந்து மரபணுவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையின் நொதியை முடக்கிவிடும். சேவையினர் பிரித்தெடுத்த டிஎன்ஏ தேநீர் நிறத்தில் இருந்தது. டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1-ஐக்கூட எட்டாததால் பெருக்கம் நடக்கவில்லை. மண்ணுக்கென விற்கப்படும் கிட்டைக் கொண்டு, நுண்மணிகளோடு குலுக்கி நாங்களே பிரித்து, பத்து மடங்கு நீர்த்து அனுப்பிய பிறகே வேலை நகர்ந்தது.

வரிசைப்படுத்தலில் குறை சொல்ல இடமில்லை. 16எஸ் மரபணுவின் வி3–வி4 பகுதியை இருபுறமிருந்தும் 300 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) வீதம் படித்த கோப்புகள் தரமாகவே இருந்தன. மறுபுறமிருந்து படிக்கும் பின்னோக்கிய வாசிப்பின் இறுதியில் தரம் சரிவது எங்கும் உள்ளதுதான்.

அறிக்கையைத்தான் ஏற்க முடியவில்லை. கறுத்த வண்டலில் முதன்மையான சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களை அது இன்னமும் டெல்டாபுரோட்டியோபாக்டீரியா என்ற பழைய வகுப்பில் அடைத்திருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை இன்று டீசல்ஃபோபாக்டீரோட்டா என்னும் தனித் தொகுதியில் உள்ளன. வட்ட வரைபடத்தின் விழுக்காடுகளை உயிரணுக்களின் எண்ணிக்கை போலவே விளக்கியிருந்தனர். 16எஸ் மரபணு சில பாக்டீரியாக்களில் ஒரே ஒரு பிரதியாகவும் சிலவற்றில் பத்துக்கு மேலும் இருப்பதை அங்கே எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரினப் பன்மையை அளக்கும் ஷேனன் குறியீடு உயர்ந்திருப்பதால் சூழல் நலமாக உள்ளது என்று ஒரு வரி! எண்ணெய் கசிந்தவுடன் அல்கானிவோராக்ஸ், மரினோபாக்டர் போன்ற, எண்ணெயை உண்ணும் சில பாக்டீரியாப் பேரினங்கள் பெருகிப் பன்மை சரிவதுண்டு; ஆனால் நாட்பட்ட மாசு உள்ள சேற்றில், இறந்த உயிரணுக்களின் டிஎன்ஏவும் எஞ்சியிருப்பதால், குறியீடு உயர்ந்தே நிற்கக்கூடும். அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு கழிமுகத்துக்கு நற்சான்று வழங்குவது அறிவியலாகாது.

ஆகவே, டிஎன்ஏவை நீங்களே பிரித்துக் கொடுத்து, மூல வாசிப்புகள் அடங்கிய ஃபாஸ்ட்கியூ கோப்புகளை மட்டும் வாங்கி, வாசிப்புப் பிழைகளைக் களையும் டாடா2 மென்பொருளையும், 16எஸ் வரிசைகளை ஒப்பிட உதவும் சில்வா தரவுத்தளத்தையும் கொண்டு சொந்தமாகப் பகுப்பாய்வு செய்ய இயலுமானால் இச்சேவை கொடுத்த காசுக்குத் தகும். அறிக்கையை நம்பி அனுப்புவோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதிப்பொருள்களிலிருந்து வரும் மாசைக் கண்டறிய, மாதிரி சேர்க்காத வெற்றுக் கட்டுப்பாட்டுக் குழாயையும் வரிசைப்படுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் அதைச் செய்வதில்லை, கேட்டால் ஒரு மாதிரிக்குரிய முழுக் கட்டணம் வாங்குகிறார்கள்.