சட்டப் படிப்புக்கு கோச்சிங் சேர்க்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மகளை வக்கீலுக்குப் படிக்க வைக்கிற ஆசையில் 73,500 ரூபாயைப் பறிகொடுத்தேன். புகார் கொடுக்கும் வேலை நடப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே சொன்ன அதே பொய்களை வேறு ஊர்களிலும் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூனில் மகள் பிளஸ் டூ. காமர்ஸ் குரூப், கணக்குப் பாடம் கிடையாது. மதுரையில் ஒரு பயிற்சி மையத்துக்கு விசாரிக்கப் போனோம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் அந்தத் தம்பி, "அக்கா, கிளாட் எழுதாம தமிழ்நாட்டுல எந்த லா காலேஜுலயும் சேர முடியாது. டெல்லி வரைக்கும் எல்லாமே இந்த ஒரே பரீட்சைதான்" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுக்கிட்டே இருந்தா பேட்ச் ஃபுல் ஆயிரும்க்கா" என்றார். கட்டணம் 55,000. சீட்டு எடுத்து 40,000 கட்டினேன். மகள் கணக்கு எடுக்காததால் தகுதி பெறத் தனி வகுப்பு வேண்டும் என்று இன்னொரு 12,000 வாங்கினார்கள்.

மூன்றுமே பொய். கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான தேர்வு. தமிழ்நாட்டில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில். டெல்லியில் இருப்பதற்கு கிளாட் கிடையாது, அய்லெட் என்று தனித் தேர்வு. மதுரை, திருநெல்வேலி, கோவை மாதிரி நம் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, இட ஒதுக்கீட்டுப்படி, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சேர்க்கை நடத்துகிறது. கிளாட்டுக்கும் எந்த குரூப் படித்தாலும் தகுதி உண்டு. பிளஸ் டூவில் 45 சதவீதம் போதும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40. வயது உச்சவரம்பு இல்லை. கணக்கு கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் வரும், அதுவும் பத்தாம் வகுப்பு அளவுக்கு. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சனி, ஞாயிறு வகுப்பு. காலை ஆறரை பஸ்ஸில் போவாள். முதல் மாதம் ஒரு ஆசிரியர் வந்தார், அப்புறம் போன வருடம் பரீட்சை எழுதிய ஒரு பையன்தான். புத்தகம் என்று கொடுத்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. அட்டையில் மையத்தின் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. மகள் ஓரத்தை நகத்தால் உரித்தாள், அடியில் வேறொரு நிறுவனத்தின் பெயர். உள்ளே மாதிரித் தேர்வில் 200 கேள்விகள். 2019-க்குப் பிறகு 200 கேள்விகள் கிடையாது. முதலில் 150 ஆனது, 2023 டிசம்பர் தேர்விலிருந்து 120. ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் போகும். இப்போதெல்லாம் நீளமான பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்கிறார்கள். சட்டப் பகுதியில்கூட விதியைப் பத்தியிலேயே தந்துவிடுவார்கள், முன்கூட்டிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கே லத்தீன் வாசகங்களைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய விட்டார்கள்.

ஒரு ராத்திரி மகள் அந்தக் கட்டை எடுத்துவந்து, "இங்க பாரும்மா" என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள். இந்தியாவின் தற்போதைய குடியரசுத் தலைவர் யார் என்று கேள்வி. விடைத்தாளில் பிரணாப் முகர்ஜி. அவர் பதவிக்காலம் முடிந்தது 2017-இல். நாலு மாதமாக எதைப் படிக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மையத்தில் போய்க் கேட்டேன். "பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார்கள்.

அதைவிடக் கொடுமை விண்ணப்பம். "நாங்களே போட்டுத் தர்றோம்க்கா, தப்பு வந்துரும்" என்று சொல்லி 6,500 வாங்கினார்கள். பொதுப் பிரிவுக்கே கட்டணம் 4,000 தான். பதிவு செய்தது அவர்கள் மொபைல் எண்ணில், அவர்கள் மெயிலில். ஹால் டிக்கெட் வந்த சமயம் லாகின் கேட்டால், பாக்கி 15,000 கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பேசியதோ தேர்வு முடிந்து தருவதாக. பரீட்சை 2024 டிசம்பர் 1. கையில் நாள் இல்லை, கட்டிவிட்டேன். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். உங்கள் நம்பரில், உங்கள் மெயிலில் நீங்களே பதிவு செய்யுங்கள். தேர்வு நடத்தும் கூட்டமைப்பின் தளத்திலேயே மாதிரி வினாத்தாள்கள் இருக்கின்றன.

அந்த வகுப்பில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. வினாத்தாள் தமிழிலும் இருக்கும் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. அவர் நகையை அடகு வைத்துக் கட்டியவர். தேர்வு முடிந்து வாசலில் அந்தப் பிள்ளை யாரிடமும் பேசாமல் நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. என் பணம் போனதுகூட ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

என் மகளுக்கும் இடம் கிடைக்கிற மதிப்பெண் வரவில்லை. இனி சட்டம் இல்லை என்றே முடிவு செய்திருந்தோம். ஏப்ரலில் ஒரு வக்கீல் அம்மா கவுன் தோள்பட்டை பிரித்துத் தைக்க வந்தார். பேச்சுவாக்கில் சொன்னேன். "யாருக்கா சொன்னது? நானே மார்க்கை வச்சுத்தான் சேர்ந்தேன். ரிசல்ட் வந்ததும் அம்பேத்கர் யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணுங்க" என்றார். ஊசியை அப்படியே வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். இப்போது அவள் அரசு சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டு. அந்த அம்மா அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் விண்ணப்பிக்கக்கூடத் தெரிந்திருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். மத்திய அரசு 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. முழுக் கட்டணம் கட்டியவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் தர வேண்டும், பொய்யான வாக்குறுதி தரக்கூடாது என்று அதில் இருக்கிறது. வக்கீல் அம்மாதான் எடுத்துக் காட்டினார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பதிலுக்கு 10,000 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று போன் வந்தது. மாட்டேன் என்றுவிட்டேன்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை செலுத்திய சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள், அந்த ஜெராக்ஸ் கட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வரும் திங்கள்கிழமை மனு போடப் போகிறோம். உசிலம்பட்டிப் பெண்ணின் அப்பாவும் கூட வருகிறார்.