குளவிக்கு 'விஷமுறிவு ஊசி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். குளவி கொட்டிய எங்கள் நாய்க்கு விஷமுறிவு ஊசி போட்டதாகச் சொல்லி 7,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். குளவிக்கு அப்படி ஒரு ஊசி எந்த மிருக வைத்தியரிடமும் கிடையாது. பாம்புக்கடிக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்ட சனம் குளவிக்கும் இருக்கும் என்று எளிதாக நம்பிவிடுகிறது.

பின்வளவில் வடலிகளுக்குள் கூடு இருந்திருக்கிறது. காவோலை இழுத்தபோது கிளம்பிய குளவிகள் ஜிம்மியைத் துரத்தித் துரத்திக் கொட்டின. மூஞ்சி வீங்கியது, கண்ணிமை தடித்தது. கொஞ்ச நேரத்திலேயே சத்தி, பிறகு இரத்தம் கலந்த வயிற்றோட்டம். பின்னங்கால்கள் மடங்கி எழும்ப முடியாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. நாய்ச் சாப்பாடு விற்கும் ஒரு கடையில் சிகிச்சையும் செய்வதாக போர்டு இருந்தது. கிட்ட இருந்த இடம் அதுதான், ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்தவர் நாயைத் தொடவே இல்லை. எடை கேட்கவில்லை, முரசைப் பார்க்கவில்லை, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கவில்லை. "அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, விஷத்தை முறிக்கிற ஊசி கிடக்கு" என்றார். லேபல் இல்லாத ஒரு சின்னப் போத்தலில் இருந்து மருந்தை எடுத்துக் குத்தினார். திரும்பவும் சத்தி எடுத்தபோது, "அது நல்லது, விஷம் வெளியில போகுது" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஒவ்வாமை கடுமையானால் மனிதருக்குப் பெரும்பாலும் மூச்சுத்தான் முட்டும். நாய்க்கு முதலில் அடிபடுவது ஈரலும் குடலும். கொட்டிய சில நிமிடங்களில் சத்தியும் வயிற்றோட்டமும் வந்தால் விஷம் வெளியேறுகிறது என்று அர்த்தமில்லை. ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவிவிட்டது, இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கலாம் என்று அர்த்தம். சில நாய்களுக்கு மூஞ்சி வீங்காமலே இது நடக்கும். வீக்கம் இல்லைத்தானே என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஜிம்மி தலை தூக்காமல் போனதும் பணத்தைக் கொடுத்துவிட்டு வேறொரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அந்த டொக்டர் முதலில் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தது. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் 2 செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம், அது திரும்பவில்லை. உடனே, விழுகிற இரத்த அழுத்தத்தைத் தூக்குகிற அட்ரினலின் ஊசியைத் தொடைத் தசையில் போட்டார், சேலைன் ஏற்றினார். ஒவ்வாமை ஊசியும் ஸ்டீரொய்ட்டும் அதற்குப் பிறகுதான். அவை இரண்டும் மெதுவாக வேலை செய்பவை, விழுகிற அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த அவற்றால் முடியாது என்று விளங்கப்படுத்தினார். சில மணித்தியாலங்களில் ஒவ்வாமை திரும்பவும் வரக்கூடும் என்பதால் இரவு அங்கேயே வைத்திருந்தார்.

முதலில் போட்ட ஊசி என்ன என்று அவர் கேட்டார். பற்றுச்சீட்டில் 'ஊசி' என்று மட்டும்தான் இருந்தது. கடைக்குப் போன் எடுத்தோம். "அது கம்பனி மருந்து, பேர் தேவையில்லை" என்று வைத்துவிட்டார்கள். உயிருக்குப் போராடும் நாய்க்கு உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாமலே அந்த டொக்டர் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. போன பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பிறகு விசாரித்தபோது, ஊசி போட்டவர் பதிவு செய்த மிருக வைத்தியரே இல்லை என்று தெரிந்தது. எங்கேயோ உதவியாளராக இருந்தவராம்.

எங்கள் நாட்டில் மிருக வைத்தியம் செய்வதற்கு 1956ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, டொக்டர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், உண்மையான டொக்டர் கோபிக்க மாட்டார். போடும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் நாயைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போங்கள். உங்கள் பக்கத்தில் யார் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்ப்பார்கள், அட்ரினலினும் சேலைனும் வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே போனில் கேட்டு வையுங்கள்.

கொட்டிய இடத்தில் மட்டும் சின்ன வீக்கம், நாய் வழமைபோல ஓடித் திரிகிறது என்றால் குளிர்ந்த துணி ஒத்தினால் போதும். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும். விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் நகத்தால் சுரண்டியாவது கெதியாக எடுத்துவிடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, தேட வேண்டாம். சுண்ணாம்பு பூசாதீர்கள், தோல் வெந்துவிடும், நக்கினால் வாயும் புண்ணாகும். பிரிற்றன் என்ற ஒவ்வாமைக் குளிசை கொடுக்கலாமா, எவ்வளவு என்று எடையைச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். தடிமலுக்கு விற்கும் கலவை மருந்துகளும் பனடோலும் வேண்டவே வேண்டாம், அவை நாயைக் கொல்லக்கூடியவை. நிறையக் குளவி கொட்டியிருந்தால் அடுத்த சில நாட்களுக்குச் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். கறுத்துப் போனால் உடனே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

ஜிம்மி இப்போது சாப்பிடுகிறது, நடக்கிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி வேறு யாருக்காவது 'விஷமுறிவு ஊசி' போட்டிருந்தால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள், நீங்களும் எழுதிக் கொடுங்கள்.