பின் இருக்கையிலிருந்து ஒரு நடுத்தர எஸ்யூவி

ஷோரூமுக்குப் போகும் எவரும் முதலில் ஏறி உட்காருவது ஓட்டுநர் இருக்கையில்தான். விற்பனையாளருக்கும் அதுதான் வசதி. பெரிய திரை, காற்றோட்டமுள்ள இருக்கை, உயரமாக உட்கார்ந்து சாலையைப் பார்க்கும் பெருமை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சன்ரூஃப் ஒருமுறை திறந்து மூடப்படும். பக்கத்துத் தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தால் முன்பணம் கட்டும் மேசை தயாராக இருக்கும். ஆனால் ஐந்து பேர் போகும் வண்டியில் மூன்று பேர் உட்காருவது பின்னால். இந்த வகை வண்டியை நாள்பட வைத்திருந்து பார்த்தபின் எனக்கு உறுதியாகப்பட்டது, இரண்டு வரிசை எஸ்யூவியின் நிறைகுறைகளில் பெரும்பங்கு அந்தப் பின்வரிசையிலும் அதற்குப் பின்னாலுள்ள டிக்கியிலும்தான் இருக்கிறது.

என்னுடையது 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின், சிவிடி ஆட்டோமேட்டிக், அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாகக் கியர் மாறும் வகை. இருப்பது கோயம்புத்தூர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள் என்று வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது இந்த அளவு வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவது.

வீல்பேஸ், அதாவது முன்சக்கர, பின்சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துப் பின் இருக்கையை அளப்பவர்கள் உண்டு. ஸ்கோடா குஷாக்கின் வீல்பேஸ் 2651 மில்லிமீட்டர், ஹூண்டாய் கிரெட்டாவுடையது 2610. இதை மட்டும் பார்த்தால் குஷாக்தான் தாராளம். அகலத்தைப் பார்த்தால் குஷாக் 1760, கிரெட்டா 1790. அதாவது ஒன்றில் முழங்காலுக்கு இடம், மற்றதில் தோளுக்கு இடம். பின்னால் எப்போதும் இரண்டு பேர்தான் என்றால் முதல் எண் முக்கியம். மூன்று பேர் என்றால் இரண்டாவது. எங்கள் வீட்டில் அம்மா, மனைவி, மகன் என்று பின்வரிசை எப்போதும் நிரம்பியே இருக்கும். எனவே நான் பார்த்தது தோள்தான்.

அம்மாவுக்கு மூட்டுவலி. எஸ்யூவி உயரமாயிற்றே, ஏறுவது கடினம் என்று பலரும் எச்சரித்தார்கள். நடைமுறையில் நேர்மாறு. பழைய செடானில் அவர் குனிந்து, இருக்கைக்குள் விழுவதுபோல உட்கார்ந்து, இறங்கும்போது யாராவது கைகொடுத்து இழுக்க வேண்டியிருக்கும். இதில் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால் திரும்பி நின்று உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். தொல்லை வேறு இடத்தில் வந்தது. கதவுக்குக் கீழே இருக்கும் அகலமான ஓரத்தில் புடவை உரசிச் சேறாகிறது. சில வண்டிகளில் கதவே கீழ்வரை இறங்கி அந்த ஓரத்தை மூடிவிடுகிறது. எந்தச் சிற்றேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மழைநாளில் கோயில் வாசலில் இறங்கும்போதுதான் தெரிகிறது.

நடு இருக்கை இந்த வகுப்பு முழுவதற்குமே பலவீனமான இடம். முதுகுப்பகுதி கைப்பிடியாக மடங்கும்படி செய்யப்பட்டிருப்பதால் அது கொஞ்சம் துருத்திக்கொண்டும் கடினமாகவும் இருக்கும். முன்னால் ஏசி துவாரங்கள் முழங்காலைத் தடுக்கும். நடுவில் உட்காருபவருக்குத் தலைச்சாய்ப்பு உண்டா, மூன்றுமுனை பெல்ட் உண்டா என்று நீங்கள் எடுக்கப்போகும் வகையிலேயே பார்த்துவிடுங்கள். காட்சிக்கு நிறுத்தியிருப்பது பெரும்பாலும் உச்ச வகையாகத்தான் இருக்கும். குலதெய்வம் கோயிலுக்கு ஆறேழு மணி நேரம் போகும்போது மகன் முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் சொல்ல மாட்டான். அதற்குப்பின் ஒவ்வொரு டீக்கடையும் அவனுக்கு அவசரமாகிவிடும்.

சன்ரூஃப் பற்றி என் கருத்து வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நின்ற வண்டியின் கூரைக்கண்ணாடி தலைக்குமேல் அனலைக் கொட்டுகிறது. மறைப்புத்துணியை இழுத்து மூடினாலும் பின்வரிசை குளிர நேரமாகிறது. அந்த அமைப்புக்காகக் கூரை சற்றுக் கீழிறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். வால்பாறையில் பனிமூட்டத்துக்குள் அதைத் திறந்துவைத்தபோது மகன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலைக்குப் பின்சன்னல் திரைகளும் நல்ல டயர்களும் வாங்கியிருக்கலாம் என்று மனக்கணக்கு ஓடத்தான் செய்கிறது.

டிக்கி விஷயத்தில் லிட்டர் கணக்கு பாதி உண்மைதான். 433 லிட்டர் கொண்டது கிரெட்டா, 458 லிட்டர் ஹோண்டா எலிவேட் என்பதெல்லாம் அளந்த எண்கள். பெட்டியைத் தூக்கி வைக்கும் விளிம்பு எவ்வளவு உயரம், சக்கர மேடுகள் இரண்டு பக்கமும் எவ்வளவு விழுங்குகின்றன, கதவு சாய்ந்து இறங்குவதால் மேலே எவ்வளவு வீணாகிறது என்பவை அந்த எண்களில் இல்லை. உங்கள் வீட்டுப் பெரிய பெட்டியை ஷோரூமுக்கு எடுத்துச்சென்று வைத்துப் பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியையும் பாருங்கள். மற்ற நான்கும் 17 அங்குல அலாய் சக்கரங்களாக இருக்க, அடியில் இருப்பது அளவில் சிறிய இரும்புச் சக்கரமாக இருக்கக்கூடும். அதன்மேல் வேக வரம்பு அச்சிட்டிருந்தால், இரவில் நெடுஞ்சாலையில் பஞ்சரானபின் பயணத்திட்டமே மாறிவிடும்.

டிக்கியைப் பற்றிப் பேசினால் ஹைப்ரிட் பேச்சும் வந்துவிடும். 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகையில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற சான்றளிக்கப்பட்ட எண்ணோடு வந்தன. நெரிசலில் மோட்டாரிலேயே ஊர்ந்து போவதால் நகரத்தில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு அது நல்ல தொழில்நுட்பம். ஆனால் பேட்டரி டிக்கிக்கு அடியில் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து பேர், ஐந்து பேருக்கான பெட்டிகள் என்று போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய இழப்பு. தனியாக அலுவலகம் போய்வருபவர் என்றால் நான் யோசிக்காமல் அதையே சொல்வேன்.

என் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 11, 12 கொடுக்கிறது. நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 16 பக்கம் வருகிறது. இவை டேங்கை முழுக்க நிரப்பி அளந்தவை; திரையில் தெரிவது எப்போதும் இதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். இப்போது எல்லா பங்க்குகளிலும் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் சிறிது குறைக்கிறது. எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேரும் சுமையும் ஏசியுமாக அதில் ஏறும்போது சாதாரண பெட்ரோல் எஞ்சினும் சிவிடியும் தங்கள் எல்லையைக் காட்டிவிடுகின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் பின்னால் வரும். லாரியை முந்த நினைத்தால் அந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இறங்கும்போது கியரைக் கீழே வைத்து எஞ்சின் பிடிமானத்தில் இறங்கினால் பிரேக் சூடாகாது. கியரை வழக்கமான டி நிலையிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர்களின் வண்டியிலிருந்து கருகிய வாடை வருவதை ஆழியாறு சோதனைச்சாவடி அருகே அடிக்கடி காணலாம்.

என் மைத்துனர் டீசல் வைத்திருக்கிறார். அதே மலையில் அவர் பேசிக்கொண்டே ஏறுவார். ஆனால் அவர் வீட்டுக்கும் கடைக்கும் மூன்று கிலோமீட்டர். பிஎஸ்6 என்ற இப்போதைய புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் சீராக ஓட வேண்டும். தினமும் குறுந்தூரம் மட்டுமே ஓடினால் கரி சேர்ந்து, எச்சரிக்கை விளக்கு எரியும். அவர் விளக்கு எரியும்போதெல்லாம் பொள்ளாச்சி சாலையில் ஒரு சுற்றுப் போய்வருகிறார். டீசலில் மிச்சமாகும் பணம் அந்தச் சுற்றில் கரைகிறது. டர்போ பெட்ரோலோடு வரும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஓட்ட இனிமையானது. ஆனால் பம்பரோடு பம்பர் உரசும் நெரிசலில் பாதி மிதித்தபடியே ஊர்ந்தால் கிளட்ச் சூடேறும். எந்த எஞ்சின் சிறந்தது என்பதைவிட, உங்கள் திங்கட்கிழமை எப்படிப்பட்டது என்று பார்ப்பது பயன்தரும்.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் படிக்கும்போது எந்த ஆண்டு, எந்த வகை என்று பாருங்கள். 2022-இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த கிரெட்டா மூன்று நட்சத்திரம் பெற்றது. அதில் இருந்தவை இரண்டு ஏர்பேக்குகள். 2024 ஜனவரியில் வந்த புதுப்பித்த வடிவில் எல்லா வகைகளிலும் ஆறு இருக்கின்றன. எனவே பழைய மதிப்பெண்ணை அப்படியே புதியதற்கு ஒட்ட முடியாது. ஏர்பேக் கூடியதாலேயே நட்சத்திரம் கூடிவிட்டது என்றும் கொள்ள முடியாது. குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனும் அதே 2022-இல் கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி ஐந்து பெற்றன. என் வண்டியில் இருக்கும் ஏடாஸ் எனும் ஓட்டுநர் உதவி வசதிகளில், வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் தடக்கட்டுப்பாட்டை அணைத்தேதான் ஓட்டுகிறேன். நம் சாலைகளில் கோட்டை மதித்து ஓட்டினால் எதிரே வருபவர் நம்மை மதிப்பதில்லை. தானியங்கி பிரேக்கை மட்டும் அணைப்பதில்லை. இன்னொன்று, அந்தக் கேமரா முன்கண்ணாடியில் இருப்பதால் கண்ணாடி உடைந்தால் மாற்றுவதோடு வேலை முடியாது, கேமராவை மறுபடி சீரமைக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது அதற்கான செலவு அடங்குமா என்று கேட்டு வையுங்கள்.

வரியில்தான் இந்த அளவு வண்டிகள் அடிவாங்குகின்றன. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குச் சாலைவரி 18 சதவீதம், அதற்கு மேல் 20. ஆகவே கூடுதலாக வாங்கும் அந்த முப்பது நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு நாம் தருவது லட்சக்கணக்கில். வீட்டில் நான்கே பேர், பெரியவர்கள் உடன் வருவதில்லை என்றால் நான்கு மீட்டர் வண்டியே போதும் என்பேன். மாறாக, விடுமுறைதோறும் தங்கை குடும்பமும் சேர்ந்து கிளம்பும் வீடு என்றால் நடுத்தர இரண்டு வரிசை போதாது. மூன்று வரிசைக்குப் போய்விடுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது வேலைப்பட்டியலை நீங்களே பேனாவால் அடித்துத் திருத்துங்கள். நான் விடும் மையத்தில் ஒவ்வொருமுறையும் ஏசி சுத்தம், எஞ்சின் கரி நீக்கம், உள்பூச்சு என்று பட்டியல் நீளும். கையேட்டில் அந்தக் கிலோமீட்டருக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுமட்டும் போதும் என்று சொன்னால் முகம் சுருங்கும், பில்லும் சுருங்கும்.

பதிவு எண் வாங்குவதற்கு முன்பே, புதிய வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போய் உங்களுக்கென ஒதுக்கிய வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வண்டியின் உற்பத்தி மாதமும் ஆண்டும் சேஸிஸ் எண்ணில் குறியீடாக இருக்கும். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டால் சொல்வார்கள். பல மாதங்கள் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி என்றால் வேறு கேளுங்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பதிவு முடிந்தபின் இரண்டுமே நடக்காது. போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் கால் மணி நேரம் உட்காரவையுங்கள்.