கிளினிக் காத்திருப்பு அறைக்கு ஹெப்பா ஏர் பியூரிஃபையர்: வாங்கலாமா?

எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், திறந்து வையுங்கள். காற்றிலுள்ள நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள இந்தக் கருவி, கதவைச் சாத்தி ஸ்பிளிட் ஏசி ஓடும் அறைக்குத்தான். அந்த ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஒருவர் இருமியதை அறை முழுக்கச் சுற்றவிடும். கொரோனா காலத்தில் பிரச்சினையே அதுதான்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டிய எண் சிஏடிஆர், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது. சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் 1.7ஆல் பெருக்குங்கள். 15க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 51 கன மீட்டர். சிஏடிஆர் 300 உள்ள கருவி அங்கே மணிக்குக் கிட்டத்தட்ட 6 முறை காற்றைச் சுத்தம் செய்யும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023இல் பரிந்துரைத்தது குறைந்தது 5 முறை. ஆனால் 6 முறை என்றாலும், இருமியவர் போன பிறகு காற்றில் நிற்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். 12 முறை என்றால் 23 நிமிடம். அதனால் மாஸ்க்கைக் கழற்றச் சொல்ல இது காரணமாகாது. பக்கத்து நாற்காலிக்காரர் முகத்துக்கு நேரே இருமினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

அந்த 300 முழு வேகத்தில் கிடைப்பது. அந்த இரைச்சலில் டோக்கன் நம்பர் கேட்காது. ரிசப்ஷனில் இருப்பவர் வேகத்தைக் குறைத்துவிடுவார், சிஏடிஆர் பாதிக்கும் கீழே போகும். 500 அளவில் வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

ஆட்டோ மோடு இங்கே உதவாது. சென்சார் பார்ப்பது தூசியும் புகையும்தான். பத்துப் பேர் மூச்சுவிட்டாலும் அதற்குக் காற்று சுத்தம், விசிறி மெதுவாகவே சுற்றும். காலையில் சாம்பிராணி போட்டால் மட்டும் அலறும். (சாம்பிராணியும் கொசுவத்தியும் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கிளினிக்கில் இரண்டும் வேண்டாம்.)

அயனைசர் (காற்றில் மின்னேற்றம் பெற்ற அயனிகளை விடும் வசதி) பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள். சிலவற்றில் ஓசோன் வரும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. 'ஹெப்பா டைப்' என்று எழுதியதை வாங்காதீர்கள். உண்மையான ஹெப்பாவின் தரக் குறியான ஹெச்13 தெளிவாக இருக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பியூரிஃபையர் ஓடினாலும் அந்த எண் இறங்காது, ஏனெனில் ஹெப்பா வாயுவைப் பிடிப்பதில்லை. கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பலனில்லை. காற்று இழுக்கும் பக்கம் ஒரு அடியாவது இடம் விடுங்கள். முதல் நாளே ஃபில்டரின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாயிற்றா என்று பாருங்கள். உறையோடு ஓடும் கருவிகள் உண்டு. ஹெப்பாவைத் தட்டவோ கழுவவோ கூடாது. மாற்றும்போது கருவியை அணைத்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, பழையதைக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.