எச்சரிக்கை: 'பிறகு ரீகால் பண்ணிக்கலாம்' என்று வக்கீல் சொன்னால் உஷாராகுங்கள்

கிரிமினல் கேஸில் ஒருவர் மாட்டிக்கொண்டால், பெயில் கிடைத்ததுமே பெரிய கண்டம் தாண்டிவிட்டதாக வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியும் அதற்கே போயிருக்கும். ஆனால் தண்டனையா விடுதலையா என்பது முடிவாவது, மாதங்களோ வருடங்களோ கழித்து சாட்சி விசாரணை நடக்கும்போதுதான். செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனவர்களின் கேஸ் கட்டைப் பிரித்தால், முக்கியமான சாட்சியின் வாக்குமூலத்துக்குக் கீழே 'குறுக்கு விசாரணை இல்லை' என்று, அதாவது நம் வக்கீல் அந்தச் சாட்சியைக் கேள்வி கேட்டுச் சோதிக்கவே இல்லை என்று, ஒற்றை வரி கிடப்பதைப் பல முறை பார்க்கலாம்.

இது எப்படி நடக்கிறது? சாட்சி வந்த அன்று வக்கீல் கட்டைப் படித்திருக்க மாட்டார், அல்லது வேறு கோர்ட்டில் இருப்பார். ஜூனியர் எழுந்து 'நோ கிராஸ்' (குறுக்கு விசாரணை இல்லை) என்று சொல்லிவிடுவார். கேட்டால், பிறகு மனு போட்டு சாட்சியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் (ரீகால்) என்பார்கள். அந்த மனு முன்பு சி.ஆர்.பி.சி. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 311, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 348. அதைக் கோர்ட் ஏற்றே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புது வக்கீல் வந்துவிட்டார், பழையவர் சரியாகக் கேட்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து சாட்சிகளை மறுபடி அழைக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2015-ல் சிவ்குமார் யாதவ் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எனவே வக்கீலை மாற்றுவதாக இருந்தால், சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பே மாற்றுங்கள்.

கிராஸ் நடந்தது என்பதும் போதாது. 'நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் அது சரியல்ல' என்று நாலு வரி பதிவாகியிருந்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை. உதாரணமாக, அ.சா.2 (அரசு தரப்பின் இரண்டாவது சாட்சி) போலீஸ் விசாரணையில் 'சத்தம் கேட்டு ஓடி வந்தேன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கோர்ட்டிலோ 'அரிவாளோடு ஓடியதைப் பார்த்தேன்' என்கிறார். வக்கீல் செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலில், போலீஸிடம் இதைச் சொல்லவில்லையே என்று அந்தச் சாட்சியிடமே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பிறகு, கடைசியில் வரும் புலன் விசாரணை அதிகாரியிடம், அ.சா.2 தன்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்பதை வாங்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் முரண்பாடு நிரூபணமாகாது, முதலில் கேட்டதும் வீண். அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

இதற்கெல்லாம் காகிதம் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகையோடு எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள், மகஜர்கள் (சம்பவ இடம், கைப்பற்றிய பொருள் பற்றி போலீஸ் எழுதும் பதிவுகள்), மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அவர் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 230. வக்கீலிடம் போன கட்டின் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆரில் மாஜிஸ்திரேட்டுக்குக் கிடைத்த தேதி, நேரம் குறித்திருக்கும். காலையில் பதிவானதாகச் சொல்லப்படும் எஃப்.ஐ.ஆர். நள்ளிரவில் போய்ச் சேர்ந்திருந்தால், அதை வக்கீலிடம் காட்டி, இந்தத் தாமதம் ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) போட்டு நீங்களே பார்க்கலாம்.

சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கு சிசிடிவி ஆதாரம் உண்டென்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பல கடைகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், கோர்ட்டிலும் மனு போடச் சொல்லுங்கள்.

கோர்ட் வக்கீல் வைத்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். மத்தியப் பிரதேசம் காண்ட்வாவில் அனோகிலால் என்பவர் மீதான கொலை வழக்கில் 2013 பிப்ரவரி 19 அன்று சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்டார். அன்றைக்கே கோர்ட்டில் குற்றச்சாட்டு வனையப்பட்டது (முறைப்படி பதிவானது). மார்ச் 4-ல் மரண தண்டனை. அந்த வக்கீல் எப்போது கட்டைப் படித்திருப்பார், எப்போது கட்சிக்காரரோடு பேசியிருப்பார்? 2019-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2022-ல் மறுபடியும் மரண தண்டனை. டி.என்.ஏ. நிபுணரை விசாரிக்கச் சொல்லி 2023-ல் ஐகோர்ட் திருப்பி அனுப்பிய பிறகு, 2024 மார்ச்சில் அவர் விடுதலையானார். பதினோரு வருடம் ஜெயிலில். ஆயுளோ மரண தண்டனையோ வரக்கூடிய வழக்கில் கோர்ட் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும், தயாராகப் பொதுவாக 7 நாளாவது தர வேண்டும் என்பது அந்த 2019 தீர்ப்பில் வந்ததுதான். நியமனமான அன்றே விசாரணை என்றால், இந்தத் தீர்ப்பைச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

சின்ன கேஸ்களில் வேறு மாதிரி மோசம் நடக்கிறது. 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடலாம், எதுக்கு அலையணும்' என்பார்கள். ஒத்துக்கொண்டு தண்டனை வந்தால், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து அப்பீல் போக பெரும்பாலும் வழியில்லை. அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது முன்னால் வந்து நிற்கும். செய்யாததை ஃபைனுக்குப் பயந்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். அப்படி வந்த வக்கீல் உங்களிடம் பணம் கேட்டால் ஆணைக்குழுவுக்கே எழுதுங்கள். தனியாக அமர்த்திய வக்கீல் ஃபீஸ் பாக்கி என்று கட்டைத் தர மறுத்தால், அவருக்கு அந்த உரிமை இல்லை. சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லிவிட்டது. புகாரை வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் மாநில பார் கவுன்சிலில்தான் கொடுக்க வேண்டும். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டதால், நுகர்வோர் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

தண்டனை வந்துவிட்டால் செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து ஐகோர்ட்டில் அப்பீலுக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். உள்ளே இருப்பவர் ஜெயில் அதிகாரி வழியாகவே அப்பீல் மனு அனுப்பலாம். எந்தெந்த சாட்சியிடம் எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதைப் பக்க எண்ணோடு குறித்து, அப்பீல் வக்கீலிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.