பாட்டா, அமைதியா, ஃபேன் சத்தமா?

காதில் பாட்டு ஓடினால்தான் வேலை ஓடும் என்பவர்களும், பக்கத்தில் யாராவது பேனாவைத் தட்டினாலே எழுத வந்தது மறந்துவிடும் என்பவர்களும் ஒரே ஆபீசில் அடுத்தடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால் இரண்டு பேருமே "என் சுபாவம் அப்படி" என்பார்கள். சுபாவமும் ஓரளவு உண்டுதான். ஆனால் செய்கிற வேலையில் வார்த்தைக்கு எவ்வளவு இடம் என்பதுதான் இதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அந்தக் கண்ணோடு, சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கிற வழிகளை வைத்துப் பார்ப்போம்.

வரியுள்ள பாட்டு

சினிமாப் பாட்டுக்கு ஆதரவாக ஐ.டி. நண்பர்கள் வைக்கும் வாதம் ஒன்று உண்டு. "மெயில் இங்கிலீஷில், பாட்டு தமிழில். இரண்டும் எங்கே மோதப் போகிறது?" மோதும். ஒரு வாக்கியத்தை அமைக்கும்போதும், ஒரு தொகையை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தில் போடும்போதும், அதை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறோம். வெளியிலிருந்து வரும் பேச்சொலி நேராக அந்த இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணை மூடிக்கொள்வதுபோல் காதை மூடவும் முடியாது.

1976இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அதே வரிசையில் திருப்பி எழுதச் சொன்னார்கள். பின்னணியில் ஜெர்மன் மொழியில் ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்கு ஜெர்மன் புரியாது. அப்படியும் தவறுகள் கூடின. ஆகவே கொரியப் பாட்டு கேட்கிறவர்களும் முழுதாகத் தப்ப முடியாது. படித்துப் புரிந்துகொள்ளும் வேலை என்றால் தெரிந்த மொழி இன்னும் மோசம், பொருளும் சேர்ந்து இழுக்கும். சலாமே, பேட்லி இருவரும் 1989இல் இசையையே வைத்துப் பார்த்தபோது, குரல் உள்ள இசை வாத்திய இசையைவிட அதிகம் கெடுத்தது.

அதற்காகப் பாட்டைத் தள்ளிவிட வேண்டாம். தி. நகரிலோ புரசைவாக்கத்திலோ தையல் கடைக்குள் நுழைந்தால் எஃப்.எம். பாடிக்கொண்டிருக்கும். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் கை பழகிய வேலை. அங்கே சலிப்புதான் எதிரி, அதை விரட்டப் பாட்டைப்போல் வேறொன்று கிடையாது. துணியில் அளவு குறிக்கும்போது மட்டும் அதே தையல்காரர் வால்யூமைக் குறைத்துக்கொள்வார். இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், பி.பி.சி. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகவே தினம் இரண்டு வேளை அரை மணி நேர இசை ஒலிபரப்பைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. நாள் முழுக்கப் போடவில்லை என்பதையும் கவனிக்கலாம். ஆபீசில் பில்களை ஸ்கேன் செய்வது, ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுவது, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவது எல்லாம் இந்த வகை. தாராளமாகப் பாடவிடுங்கள்.

வரியில்லாத இசை

நடுவழி போலத் தெரிவது இதுதான். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீணையிலோ புல்லாங்குழலிலோ தெரிந்த கீர்த்தனையை வாசித்தால் சாகித்யம், அதாவது அதன் வரிகள், தானாக மனசுக்குள் ஓடும். சினிமாப் பாட்டை கீபோர்டில் வாசித்தாலும் அப்படியே, பாடகர் இல்லாத குறையை நாமே தீர்த்துவைப்போம். மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர் என்றால் இன்னும் கஷ்டம். ஒரு கை மவுஸில் இருக்க, மறு கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் வந்துவிட்டால் எக்செல் ஷீட் அம்போ.

எனவே கர்நாடக இசைதான் வேண்டும் என்றால் வாத்தியத்தில் ஆலாபனை நல்லது. அதில் வரியும் இல்லை, தாளக் கணக்கும் இல்லை. இரண்டாவது நிமிடத்தில் ராகம் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்கிறவர்களுக்கு அதுவும் உதவாது. இந்த விஷயத்தில் இசை ஞானம் குறைந்தவர்களுக்குத்தான் லாபம் அதிகம். அநியாயம்தான், என்ன செய்வது.

மோட்ஸார்ட் கேட்டால் மூளை கூர்மையாகும் என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். அது 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரையிலிருந்து கிளம்பியது. கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். அவர்கள் இசையைக் கேட்டது சோதனைக்கு முன்பு, சோதனை எழுதும்போது அல்ல. கிடைத்த பலனும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. குழந்தைகளுக்கு சி.டி. விற்றவர்களுக்குத்தான் அதனால் நீடித்த பலன்.

இலவச ஆப்பில் கேட்பதானால் இன்னொன்று. அருமையான புல்லாங்குழலுக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் அலறும். அதைவிட எதுவும் கேட்காமலே இருக்கலாம்.

அமைதி

எழுதுவதற்கும், பிழை திருத்துவதற்கும், ஒப்பந்தம் படிப்பதற்கும் அமைதியை மிஞ்ச ஒன்றுமில்லை. கிடைத்தால். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டில் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றன. படிக்கவும் எழுதவும் போகலாம், ஆனால் நாளுக்கு நாலு மீட்டிங் இருப்பவருக்கு அங்கே என்ன வேலை?

பாதி அமைதி, முழு இரைச்சலைவிடத் தொல்லை. சனிக்கிழமை மாலை ஆபீசில் ஏ.சி.யை நிறுத்தியதும், மூன்று வரிசை தள்ளி ஒருவர் வீட்டு லோன் பற்றிப் பேசுவது இ.எம்.ஐ. தொகையோடு காதில் விழுகிறது.

ஃபேன் சத்தம்

ஏ.சி. அதுவரை சும்மா செய்துகொண்டிருந்த உபகாரத்தைத்தான் இப்போது ஆப்களில் ஒயிட் நாய்ஸ், பிரவுன் நாய்ஸ் என்று தருகிறார்கள். மாறாத சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் ஒவ்வொரு தடவையும் கவனத்தைப் பிடுங்கும். அதோடு, சீரான இரைச்சல் தூரத்துப் பேச்சின் மேல் படிந்து வார்த்தைகளைத் தேய்த்துவிடுகிறது. வார்த்தை புரியாதபோது இழுப்பும் குறைகிறது. எழுத்து வேலைக்கு, இந்த ஊரில், என் ஓட்டு இதற்குத்தான். ஆப்கூட வேண்டாம், வேகமாகச் சுற்றும் ஒரு டேபிள் ஃபேன் போதும்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கினால் தீர்ந்துவிடாதா என்பார்கள். அது நன்றாக அடக்குவது ஏ.சி. உறுமல், பஸ் எஞ்சின் போன்ற கீழ்ஸ்தாயிச் சத்தங்களை. மனிதக் குரலில் அதன் வேலை அவ்வளவு எடுபடாது. சில நேரம், மூடியிருந்த இரைச்சல் போய், பக்கத்து மேசைப் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். அதன் மேல் மெல்லிய ஃபேன் சத்தமோ மழைச் சத்தமோ போட்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன். மழைச் சத்தத்தை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் வேலையில் மனம் போகாது, தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கத்தான் தோன்றும்.

எதைக் கேட்டாலும் அளவு ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். வேளச்சேரி டிரெயினில், தண்டவாளச் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்று வால்யூமைக் கூட்டிக் கேட்டதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.