இரண்டு நாள் வீட்டுச் சுவர் பெயின்டிங் வகுப்பு: கழுத்து வலித்தாலும் போகலாம்

முதல் நாள் பிரஷ்ஷையே தொட விடவில்லை. பட்டி பார்ப்பது, அதாவது சுவரின் பள்ளம் விரிசலைப் பசை போன்ற பூச்சால் நிரப்புவது, அது காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது, தூசி துடைத்து பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பது என்று அதிலேயே பொழுது போய்விட்டது, எரிச்சலாக இருந்தாலும் சுவர் வழவழப்பாக வருவதில் பாதி வேலை அங்கேதான் என்று அப்புறம் புரிந்தது. மறுநாள் முதலில் சீலிங், பிறகுதான் சுவர். மேலே அடிக்கும்போது கீழே சொட்டத்தானே செய்யும். ஓரங்களில் பிரஷ்ஷால் அடித்துவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் ரோலரை ஓட்டிச் சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கோடு தெரியும். நான் ரோலரை அழுத்தி உருட்டித் திட்டு வாங்கினேன். பெயின்ட் குறைந்தால் மறுபடி தோய்க்க வேண்டுமாம், அழுத்திப் பிழியக் கூடாதாம். சீலிங்குக்கு நீளக் கம்பு மாட்டிய ரோலர் தந்தார்கள், சரி, கழுத்துதான் இன்னும் வலிக்கிறது. ஒரே குறை, பத்துப் பேருக்கு இரண்டே ஏணி.